இருபத்துமூன்றாவது தீர்த்தம்

இராமேஸ்வரத்துக்கு நாற்பத்தொரு தடவை போய்வந்த ஒருவன் இராமேஸ்வரத்தைப் பார்த்ததே இல்லை என்று சொன்னால், கேட்கிறவர்கள் சொல்கிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். இந்தக் கதையில் நம்பக்கூடிய சங்கதி அது ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

காங்கேயம் பொங்கியண்ணன் டூர்ஸில் தெய்வசிகாமணி பதினோரு வருஷம் காய் நறுக்கினான். யாத்திரை பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே சமையல் வேன் ஒன்று கிளம்பிவிடும். அண்டா, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, சமையல் மாஸ்டர் வெள்ளியங்கிரி, இவ்வளவுக்கும் நடுவில் பூசணிக்காயோடு பூசணிக்காயாகச் சிகாமணி. காசி, கயா, பூரி, துவாரகை என்று அவன் போகாத ஊர் கிடையாது. போன ஊரிலெல்லாம் அவன் பார்த்தது மண்டபத்தின் பின்பக்கத்தை. காசி என்றால் அவனுக்குப் பருத்த கத்தரிக்காய். பூரி என்றால் தண்ணீர் வராத குழாய். இராமேஸ்வரம் என்றால் கொல்லையில் ஒரு முருங்கை மரமும் அதை ஒட்டி ஒரு கிணறும். சாமி கும்பிட்டு வரலாம் என்று அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும்போதெல்லாம், "சாமி எங்கடா ஓடிப்போகுது, மொதல்ல வெங்காயத்தை உரி" என்பார் வெள்ளியங்கிரி. வெங்காயம் உரித்து முடிவதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

பதினோரு வருஷமாக அவனுக்கு ஒரே ஓர் ஆசை. கைடு அவிநாசியப்பன் கையில் பிடித்திருக்கிற மைக். அவர் அதைப் பிடித்துக்கொண்டு "இக்கட்டால பாருங்" என்றால் நாற்பது தலை ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பும். சிகாமணி சொல்லி இதுவரை ஒரு தலை திரும்பியதில்லை.

இந்தத் தடவை புறப்படுகிற அன்றைக்கு அவிநாசியப்பனுக்கு அம்மை போட்டுவிட்டது. வேறு ஆள் கிடைக்கவில்லை. ஓனர் பொங்கியண்ணன் சிகாமணியைக் கூப்பிட்டு, "நாப்பத்தோரு தடவை போயிருக்கறயே, உனக்குத் தெரியாததா? நீயே கைடாப் போ" என்று மைக்கைக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு விரலையும் ஆட்டினார். "ஒவ்வொரு டிரிப்புலயும் ஒருத்தரையாச்சும் போன்ல கூப்புட்டு நான் விசாரிப்பேன். கைடு சரியில்லைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, மறுபடி வேனுக்குப் போயிரு."

முப்பத்தெட்டுப் பேர். எல்லோரும் காங்கேயத்தைச் சுற்றியுள்ளவர்கள், எல்லோருக்கும் இராமேஸ்வரம் புதுசு. முன் சீட்டில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தார். பால் சொசைட்டியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எந்தப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்பதைக் கேனைத் திறப்பதற்கு முன்னால் கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பெயர். அவருக்குப் பக்கத்து வரிசையில் ரிட்டையரான சர்வேயர் நாச்சிமுத்து. எதையும் அளக்காமல் ஒப்புக்கொள்ளாத மனுஷர்.

இராமநாதபுரம் தாண்டியதும் மயிலாத்தாள் ஆரம்பித்தார். "ஏந்தம்பி, நீங்க இராமேஸ்வரத்துக்கு எத்தனை தடவ வந்திருக்கறீங்?"

"நாப்பத்தோரு தடவைங்" என்றான் சிகாமணி. சத்தியமான பேச்சு.

மயிலாத்தாள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தண்ணி சாஸ்தியா இருக்குதே கண்ணு. கொஞ்சம் கொறைச்சுச் சொல்லு" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

சிகாமணிக்கு முகம் சுண்டிப்போனது. உண்மையைச் சொன்னதற்கே இந்தக் கதி என்றால், பொய்யைச் சொன்னால் இதைவிட மோசமாக என்ன நடந்துவிடும் என்று தோன்றியது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். வாயைத் திறந்தான். திறந்த வாய் பிறகு மூடவில்லை.

பாம்பன் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் எல்லோரும் இறங்கிக் கடலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஓரமாக நிறுத்தினார்கள். காற்று வேட்டியைத் தூக்கியது.

"இதெல்லாம் ஒரு காத்துங்களா?" என்றான் சிகாமணி. "ஒருக்கா நான் வரையில அடிச்சதுதாங் காத்து. பாலத்து மேல ஒரு நாயி நின்னு கொரைச்சுதுங். கொரைச்ச சத்தம் பறந்துபோயி அக்கட்டால தங்கச்சிமடத்துல விழுந்துச்சு. அங்கிருந்த நாயெல்லாம், நம்மள்ல யாரு கொரைச்சதுன்னு ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்துக்கிச்சுங்."

"அதை நீங்க பாலத்துல இருந்துக்கிட்டே பாத்தீங்களாக்கு?" என்றார் சர்வேயர்.

"அப்பறம் போயிப் பாத்தனுங். பஸ்ஸுதான் பறந்துபோச்சே."

"பஸ்ஸா?"

"அதையேங் கேக்கறீங். திருச்செந்தூர்ல முழுகிட்டு வந்த பொம்பளைங்க நாப்பத்தெட்டுப் பேரு, ஈரச்சேலைய சன்னல் கம்பியில கட்டிக் காயப்போட்டிருந்தாங்க. காத்து உள்ள பூந்துச்சு பாருங், நாப்பத்தெட்டும் ஒரே சமயத்துல உப்புச்சு. பஸ்ஸு ஒரு சாண் எந்திரிச்சுது. ஒரு மொழம். பொறகு ஒரு பனை ஒசரம். டிரைவரு ஸ்டியரிங்கைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு அழுவறான். நான் என்ன பண்ணுனன், எந்திரிச்சு நின்னு இந்தப் பக்கம் நாலு முந்தானை, அந்தப் பக்கம் நாலு முந்தானை, கையில புடிச்சுக்கிட்டன். இழுத்தா இக்கட்டால, விட்டா அக்கட்டால. அப்படியே கடலுக்கு மேலாலயே ஓட்டிட்டுப் போயி நாம தங்கற மண்டபத்து வாசல்ல எறக்குனனுங். சாம்பாரு ஒரு சொட்டுச் சிந்தல."

"டயரு?" என்றார் சர்வேயர். "டயரு என்னாச்சு?"

"அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருந்துச்சுங். நின்னா ஜனம் பயந்துக்குமேன்னு நாந்தான் சுத்த விடச் சொன்னன்."

மயிலாத்தாள் கன்னத்தில் கை வைத்து யோசித்தார். "என்ன சேலைங் அது?"

"சுங்குடிங்."

"சுங்குடி அத்தனை காத்துக்குத் தாங்காது. கிழிஞ்சிருக்குமே."

"கிழிஞ்சுதுங். ரெண்டு கிழிஞ்சுது. அதனாலதான் பத்து நிமிசம் லேட்டாப் போயிட்டம்."

யாரும் நம்பவில்லை. ஆனால் யாரும் பஸ்ஸில் ஏறவும் இல்லை. ஒருவர் சந்தேகம் கேட்க, அதற்கு அவன் பதில் சொல்ல, அந்தப் பதிலுக்கு இன்னொருவர் சந்தேகம் கேட்க, பாலத்தின் மேலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. டிரைவர் ஹாரனை அடித்து அடித்துக் கை ஓய்ந்தார். முப்பத்தெட்டுத் தலைகளும் தன் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்த சிகாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மணி பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கரைக்குப் போய் அக்னி தீர்த்தக் கடலில் எல்லோரும் முழுகினார்கள். சர்வேயர் முழுகி எழுந்து, வாயில் போன தண்ணீரைத் துப்பினார். "ப்பூ! என்ன உப்புங் இது!"

"அது என்ற உப்புங்" என்றான் கரையில் நின்ற சிகாமணி.

"என்னது?"

"ஒருக்கா நாலாயிரம் பேருக்கு இங்க சாப்பாடு போட்டமுங். உப்பு மூட்டை வரல. கடல் இருக்கையில உப்புக்கு எங்க போறதுன்னு, அண்டா அண்டாவாக் கடல்தண்ணிய மொண்டு சாம்பாருக்கு ஊத்துனனுங். மூணு நாளு. நாலாம் நாளு காத்தால வந்து பாக்கறன், மீனெல்லாம் கரையோரம் வந்து வரிசையா வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. என்னடான்னு ஒரு கை தண்ணியெடுத்து வாயில வெச்சா, சப்புன்னு இருக்குதுங். மொத்த உப்பையும் நானே எடுத்துப்போட்டன். பாவமாப் போச்சு. தூத்துக்குடிக்கு ஆளனுப்பி, ஏழு லாரி கல்லுப்பு கொண்டாந்து, இதே எடத்துலதான் கொட்டுனன். இன்னைக்கு நீங்க வாயில வெச்சு ப்பூங்கறீங்களே, அது அந்த உப்பு."

"ஏழு லாரி உப்பு ஒரு கடலுக்குப் பத்துமாங்?"

"பத்தலைங். அதனாலதான் இந்தப் பக்கம் அலையே இல்லாம சோந்து கெடக்குது பாருங்."

மயிலாத்தாள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "அதெல்லாஞ் சரி தம்பி. உங்க கதை எதை எடுத்தாலும் கடைசியில சாம்பாரு வந்துருதே, அது ஏனுங்?"

சமையல் வேலை வெளியே தெரிந்துவிடும் போல இருந்தது சிகாமணிக்கு. அத்தோடு பேச்சை மாற்றி, "சரி, நேரமாச்சுங். எல்லாரும் மண்டபத்துக்குப் போயி, குளிச்சு, நல்ல துணியாக் கட்டிக்கிட்டு வாங்க. கோயிலுக்குப் போலாம்" என்று விரட்டினான். சாமியைப் பார்க்கப் போகிறவர்கள் சுத்தபத்தமாகப் போக வேண்டும் என்பது காய் நறுக்குகிறவனுக்குக்கூடத் தெரிந்ததுதானே.

அங்கேதான் ஆள் மாட்டிக்கொண்டான். இராமேஸ்வரத்தின் முறை வேறு. கடலில் முழுகிய ஈரத்தோடு கோயிலுக்குள் போய், இருபத்திரண்டு கிணற்றுத் தீர்த்தத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் உலர்ந்த துணி கட்டிச் சாமியைப் பார்க்க வேண்டும். வந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் இருபத்திரண்டு தீர்த்தம் உண்டு என்று தெரியும். ஆனால் எப்போது, எங்கே, எப்படி என்பதெல்லாம் கைடு பாடு என்று இருந்துவிட்டார்கள். கைடோ அந்த வேளையில் எப்போதும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன்.

பட்டுச்சேலையும் சலவை வேட்டியுமாக, தலைநிறையப் பூவோடு, முப்பத்தெட்டுப் பேரும் பெண்ணழைப்புக்குப் போகிறவர்கள் மாதிரி பிரகாரத்துக்குள் நுழைந்தார்கள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்கள். தரையெல்லாம் தண்ணீர். சிகாமணி அந்தத் தூண் வரிசையை முதன்முதலாகப் பார்த்தான். ஒரு நிமிஷம் பொய்கூட வரவில்லை அவனுக்கு. இத்தனை வருஷமாக இதற்கு நாலு தெரு தள்ளி உட்கார்ந்துகொண்டா பூசணிக்காய் வெட்டினோம் என்று மனசு கனத்தது.

"தம்பி, எவ்வளவு நீளமுங் இது?" என்றார் சர்வேயர், கண்ணாலேயே அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டு.

கேள்வி வந்ததும் வாய் தானாக விழித்துக்கொண்டது. "நீளமுங்களா? ஒருக்கா எண்ணூறு பேரைக் கூட்டிட்டு இதுக்குள்ள வந்தனுங். முன்னால நான் போறன். போறன், போறன், போயிக்கிட்டே இருக்கறன். எனக்கு முன்னால ஒருத்தரு தனியாப் போறாரு. தொட்டுக் கூப்புட்டு, 'ஏனுங், நீங்க எந்தக் கூட்டம்?'னு கேட்டன். 'நான் காங்கேயத்துக் கூட்டத்துல கடைசி ஆளுங், முன்னால போற கைடைத் தேடிக்கிட்டே போறனுங்'கறாரு. வட்டம் கட்டிப்போச்சுங். யாரு மொதல்ல, யாரு கடைசின்னே தெரியாம மூணு நாளு சுத்துனம்."

"மூணு நாளு சோறு?"

"தூணுக்கு ஒரு பந்தி போட்டமுங். சுத்தி வரவங்க சுத்தி வரையிலயே சாப்புட்டுக்க வேண்டியதுதான். ஒரு தூணுல சோறு, அடுத்த தூணுல சாம்..." என்று ஆரம்பித்தவன் மயிலாத்தாளைப் பார்த்து, "ரசமுங்" என்று முடித்தான்.

ஆனால் மயிலாத்தாள் அதைக் கவனிக்கவில்லை. நனைந்து போகிறவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "எல்லாரும் ஈரமாப் போறாங்க. நாம மட்டும் காஞ்சுபோயிப் போறமே, ஏனுங் தம்பி?"

"அது... அவங்கெல்லாம் பாவம் சாஸ்தி பண்ணுனவங்கம்மா" என்றான் சிகாமணி. அந்தப் பதில் சாமி பார்த்து வெளியே வருகிற வரைக்கும்தான் தாங்கியது.

தரிசனம் நன்றாகவே கிடைத்தது. திரும்பி வரும்போது, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த தீர்த்தக்காரர் ஒருவரைப் பிடித்து மயிலாத்தாளே நேராகக் கேட்டுவிட்டார். அவர் இவர்களுடைய பட்டையும் பூவையும் மேலும் கீழும் பார்த்தார். "இப்ப முடிஞ்சிருச்சும்மா, இனி சாயங்காலம்தான். சாமியப் பார்த்துட்டா தீர்த்தம் கேக்குறீக? தலைகீழால்ல வந்திருக்கீக. கூட்டியாந்தது யாரு?"

முப்பத்தெட்டுத் தலைகளும் திரும்பின. இப்படித் திரும்பும் என்று சிகாமணி நினைத்திருக்கவில்லை.

மண்டபத்துக்கு வந்தபிறகும் யாரும் இலைக்கு முன்னால் உட்காரவில்லை. இரண்டரைக்குப் பஸ் எடுத்தாக வேண்டும், திருச்செந்தூரில் தங்க இடம் சொல்லியாகிவிட்டது, சாயங்காலம்வரை நிற்க முடியாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாதிரி, அதே மண்டபத்தில் இறங்கியிருந்த திண்டிவனத்துக் கூட்டம் அப்போதுதான் ஈரத்தலையோடு உள்ளே வந்தது. அவர்களில் ஒரு அம்மாள் தலையைப் பிழிந்துகொண்டே, "நாங்க இருவத்திரண்டும் முடிச்சி சாமியும் பாத்துட்டோம். நீங்க ஏன் காஞ்சிகினு இருக்கீங்க? ஆடலியா?" என்று கேட்டுவிட்டார்.

மயிலாத்தாள் இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "தம்பி, உங்க ஓனரு நெம்பரைச் சொல்லு."

பதினோரு வருஷத்து ஆசை ஒரு காலைப்பொழுதுகூட நிற்கவில்லையே என்று சிகாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. மைக், முப்பத்தெட்டுத் தலைகள், அந்தத் தூண்கள் எல்லாம் கையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது அவனைக் கேட்காமலே அவன் வாய் பேசியது.

"அவசரப்படாதீங்கம்மா. இருபத்திரண்டுங்கறது சாமியப் பாக்கறதுக்கு முந்தி ஆடறது. எல்லாரும் ஆடறது. பாத்ததுக்குப் பொறகு ஆடறதுக்குன்னு ஒண்ணு இருக்குதுங். இருபத்துமூணாவது. அதுக்குத்தான் உங்களைக் காயவெச்சுக் கூட்டியாந்தனுங்."

மயிலாத்தாளின் விரல் போன் மேலேயே நின்றது.

"அதென்ன, ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல?" என்றார் சர்வேயர்.

"சொன்னாக் கூட்டம் வந்துருமுங்."

"எங்கே இருக்குது?"

இராமேஸ்வரத்தில் சிகாமணிக்குத் தெரிந்த கிணறு ஒன்றே ஒன்றுதான். "வாங்க" என்று சொல்லி, பந்திக்கூடத்தைத் தாண்டி, எச்சில் இலைத் தொட்டியைத் தாண்டி, முருங்கை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"இதுங்களா?" என்றார் சர்வேயர்.

"இதேதானுங். பாலங் கட்ட வந்த வானரமெல்லாம் தாகத்துல தவிச்சுப்போச்சுங். சுத்தியும் கடலு. எங்க தோண்டுனாலும் உப்பு. அப்ப ஒரு குட்டி வானரம் இந்த எடத்துல ஒரு கல்லைப் பேத்துச்சு. கீழ தண்ணி. அத்தனை கோடி வானரமும் இதுலதான் குடிச்சுது. பாலம் முடியற வரைக்கும் அத்தனை பேருக்கும் பருப்பு வெந்தது இந்தத் தண்ணியிலதானுங். வேற எந்தத் தண்ணியிலயும் அரை மணி நேரத்துல வேகற பருப்பு, இதுல பத்தே நிமிசத்துல மலந்துரும்."

"வந்துருச்சு சாம்பாரு" என்றார் மயிலாத்தாள். ஆனாலும் உள்ளங்கையை நீட்டினார். சிகாமணி கயிற்றை விட்டு ஒரு வாளி இழுத்து ஊற்றினான். அவர் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, கண்ணை மூடினார். முப்பது வருஷம் பாலில் தண்ணீரைக் கண்டுபிடித்த நாக்கு அது. மற்ற முப்பத்தேழு பேரும் அந்த நாக்குக்காகக் காத்திருந்தார்கள்.

"உப்பு இல்ல" என்றார் கடைசியில். "துளிகூட இல்ல. இளநியாட்ட இருக்குது."

அது சத்தியமான உண்மை. நல்ல தண்ணீர் என்றுதானே வெள்ளியங்கிரி பதினோரு வருஷமாக அதே மண்டபத்தைப் பிடிக்கிறார்.

அதற்குமேல் கேட்கவா வேண்டும். பட்டுச்சேலை, பூ, சலவை வேட்டி எதையும் யாரும் யோசிக்கவில்லை. வரிசையில் நின்றார்கள். சிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தான். கயிறு இழுப்பதும் வாளியைச் சாய்ப்பதும் அவன் கைக்குப் பாடம். ஒரு சொட்டு வீணாகாமல் ஒவ்வொரு தலையிலும் சரியாக விழுந்தது. "கைடுன்னா இப்படியல்ல இருக்கோணும்! என்ன லாகவமா ஊத்தறாரு பாருங்" என்று சர்வேயரே அசந்துபோனார். தலைக்கு மூன்று வாளி. மயிலாத்தாள் மட்டும் ஐந்து வாளி கேட்டு வாங்கிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டத் திண்டிவனத்து அம்மாளிடம் போனார்.

"நீங்க இருபத்திரண்டோட நின்னுட்டீங்களாக்கு?" என்று கேட்டார். கேட்கும்போது முகத்தில் அப்படியொரு இரக்கம்.

அரை நாழிகைக்குள் திண்டிவனமும் வந்து வரிசையில் நின்றது. சிகாமணியின் கை கடுத்தது. ஆனால் மனசு பறந்தது. மைக் தப்பித்தது என்று முதன்முறையாக மூச்சு விட்டான்.

விட்ட மூச்சு உள்ளே போவதற்குள் சமையற்கட்டுக் கதவு திறந்தது. இடுப்பில் ஒரு காலி அண்டாவோடு வெள்ளியங்கிரி வந்து நின்றார்.

"டேய் சிகாமணி! ரசத்துக்குத் தண்ணியில்லாம அடுப்பு சும்மா எரிஞ்சுக்கிட்டு கெடக்குது. பதினோரு வருசமா நீ அண்டா கழுவற கெணத்துல எதுக்குடா ஊர் ஜனத்தையெல்லாம் குளிப்பாட்டிக்கிட்டு நிக்கற?"

வாளி சிகாமணியின் கையிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் போய்த் தொப்பென்று விழுந்தது. திண்டிவனத்து அம்மாள் பாதி வாளித் தண்ணீர் வாங்கிய தலையோடு அப்படியே நின்றார். எல்லோரும் மயிலாத்தாளைப் பார்த்தார்கள். சிகாமணி தரையைப் பார்த்தான். இனிப் பேச ஒன்றும் இல்லை, எந்த வாயாலும் இதைத் தூக்கி நிறுத்த முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மயிலாத்தாள் ஈரக் கூந்தலை மெதுவாக முடிந்துகொண்டார். அவருடைய கண் ஒரு தடவை திண்டிவனத்து அம்மாளிடம் போய்த் திரும்பியது.

"ஏனுங் மாஸ்டரே" என்றார். "இதுலயா அண்டா கழுவுனீங்?"

"ஆமாங்."

"பதினோரு வருசமா?"

"ஆமாங்..." மாஸ்டரின் குரல் இறங்கியது.

"சாமி உங்களை ஒண்ணும் கேக்கலியா? கண்ணு மங்கல், கைகால் கொடைச்சல், அப்படி எதும் வரல?"

வெள்ளியங்கிரி முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மூட்டுவலி ரெண்டு வருசமா இருக்குதுங்."

"பாத்தீங்களா!" என்று மயிலாத்தாள் கூட்டத்தைப் பார்த்தார். "வெறும் மூட்டுவலியோட விட்டுருக்குதுன்னா எவ்வளவு எரக்கமுள்ள தீர்த்தம்! வேற கெணறா இருந்தா காலையே எடுத்திருக்கும்." வெள்ளியங்கிரி அண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப்பின் மயிலாத்தாளை நிறுத்த ஆளில்லை. "இந்தக் கெணத்துக்கு அடியே கெடையாதுங். காசியில ஒரு சொம்பைக் கங்கையில விட்டா, ஒம்பதாம் நாளு இதுல வந்து மெதக்கும்" என்றார் திண்டிவனத்தாரிடம்.

சிகாமணிக்கு எங்கேயோ உறுத்தியது. "அம்மா, அடி இருக்குதுங்" என்றான் மெதுவாக. "பதினாலு உறை ஆழந்தானுங். நானே எறங்கித் தூர் வாரியிருக்கறன்."

"நீங்க பாத்தது மேலடி. அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்குது" என்றார் மயிலாத்தாள். "இதுல ஒரு வாளி ஊத்துனா ஏழு தலமொறைப் பாவம் போகும். ரெண்டாவது வாளி ஊத்துனா இனிமே பண்ணப் போறதும் போயிரும்."

"மூணாவது வாளிக்கு?" என்றார் சர்வேயர், கையில் அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல்.

"மூணாவது வாளி உங்க பக்கத்து வீட்டுக்காரங்க கணக்குல போயிருமுங்."

"அம்மா, அப்படியெல்லாம் இல்லீங்..." என்று சிகாமணி மறுபடி குறுக்கிட்டான். "வெறும் நல்ல தண்ணிக் கெணறுதானுங்..."

"நீங்க சும்மா இருங் தம்பி, உங்களுக்கு ஒண்ணும் தெரியறதில்ல" என்று அவனை ஓரமாகத் தள்ளினார்.

அப்போது கிணற்று மேட்டில் வைத்திருந்த அவர் போன் அடித்தது. பொங்கியண்ணன். பயணிகள் பட்டியலில் முதல் பெயர் மயிலாத்தாளுடையது. சிகாமணி கும்பிட்ட கையோடு அவரைப் பார்த்தான். அவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"எல்லாம் சௌகரியந்தானுங்களா? கைடு எப்படிங்? கொறை எதும் இருந்தாத் தாராளமாச் சொல்லுங்."

"ஆளு தங்கமுங்" என்றார் மயிலாத்தாள். சிகாமணியின் கண் கலங்கியது. "சோறு, தண்ணி, தரிசனம், ஒண்ணுலயும் கொறையில்ல. ஆனா ஒண்ணுங். வாயில்லாப் பூச்சியா இருக்கறாரு. எதைக் கேட்டாலும் கொறைச்சுக் கொறைச்சுச் சொல்றாருங். பஸ்ஸு காத்துல பறந்ததை ஒரு பனை ஒசரம்னு முடிச்சுட்டாரு, உப்பை ஏழே லாரிங்கறாரு. இங்க இருபத்துமூணாவது தீர்த்தம்னு ஒண்ணு இருக்குது பாருங், அத்தனை மகிமை, அதைப் போயி வெறும் கெணறுன்னு திண்டிவனத்துக்காரங்க முன்னால சொல்லி எங்க மானத்தை வாங்கறாருங்."

அந்தப் பக்கம் பொங்கியண்ணன் கனைத்தார்.

"சிகாமணி, பக்கத்துலயா இருக்கற? மைக்கை அந்தம்மா கையில குடுத்துட்டு வேனுக்குப் போ. உள்ளதை உள்ளபடி சொல்றவனை வெச்சுக்கிட்டு நான் எப்படிப்பா டூரு நடத்தறது?"